தொழுவும் களமும்
மேச்சேரிச் சமவெளியின் மேய்ப்பர் மரபும் உலகின் காளை விளையாட்டுகளும்

சேலம் அரசு அருங்காட்சியகத்தில் நடுகல் ஒன்று பாதுகாக்கப்பட்டு வருகிறது. கி.பி. பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக அறிஞர்கள் கருதும் அக்கல், கருவந்துறை என்னும் ஊரில் எருது விளையாடி உயிர்நீத்த கோவுரிச் சங்கன் என்பானுக்காக அவனுடைய மகன் பெரிய பயல் எடுப்பித்தது என்பதை அதன் எழுத்துகள் தெரிவிக்கின்றன. இதில் மன்னர் பெயர் முதன்மை பெறவில்லை, போர் இல்லை, பகைவரும் இல்லை. தந்தை ஒருவன் காளையோடு விளையாடி மாண்டான். மகன் கல் நட்டான். செய்தி இவ்வளவே.

ஆயினும் இச்சிறு செய்தி பெரியதொரு வினாவை நம்முன் வைக்கிறது. போரில் மாண்டவனுக்கும் புலியோடு பொருது மாண்டவனுக்கும் கல்லெடுத்த சமூகம், விளையாட்டில் இறந்தவனுக்கும் அதே சிறப்பை ஏன் வழங்கியது? அவ்விளையாட்டு வெறும் பொழுதுபோக்காக இருந்திருப்பின் இவ்வளவு மதிப்பு அதற்குக் கிட்டியிருக்குமா? இவ்வினாவுக்கு விடை காண, களத்தை மட்டும் நோக்குதல் போதாது; அக்களத்துக்குக் காளையை அனுப்பிய தொழுவையும் நோக்குதல் வேண்டும்.

நிரை காத்தவர்

பண்டைத் தமிழரின் செல்வம் ஆநிரையே. பகைவரின் நிரையைக் கவர்தலை வெட்சி என்றும், கவர்ந்த நிரையை மீட்டலைக் கரந்தை என்றும் இலக்கண நூலார் வகுத்தனர். தருமபுரி, செங்கம் பகுதிகளில் கிடைத்துள்ள நடுகற்களுள் பல, 'தொறு' எனப்பட்ட மாட்டு மந்தையை மீட்கும் பூசலில் வீழ்ந்தவர்களுக்கு எடுக்கப்பட்டவை. செங்கத்தை அடுத்த எடுத்தனூரில் உள்ள ஏழாம் நூற்றாண்டுக் கல் இவற்றுள் தனிச்சிறப்பு வாய்ந்தது. முதலாம் மகேந்திரவர்மனின் ஆட்சிக்காலத்தைச் சேர்ந்த அக்கல்லில், நிரை காத்து மாண்ட வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அந்நாயின் பெயர். அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதையும் எழுத்து கூறுகிறது. மந்தையைக் காத்த நாய்க்கும் பெயர் எழுதி மதித்த பண்பாடு அது.

முல்லைக்கலி விரிக்கும் ஏறு தழுவலும் இச்சூழலில் எழுந்ததே. காளையை அடக்கியவனே ஆயர்மகளின் கைப்பிடிக்கத் தக்கவன் என்னும் வழக்கை, வீரத்துக்கு வைத்த தேர்வு என்று மட்டும் கொள்ளல் பொருந்தாது. மந்தையையே வாழ்வாகக் கொண்ட குடியில், சினங்கொண்ட விலங்கின் குறிப்பறிந்து அதனை நெருங்கத் தெரியாதவன் குடும்பம் நடத்த இயலாதவன் என்பதே அதன் உட்கிடை.

மேச்சேரி, ஓமலூர், நாமக்கல் வட்டாரங்களில் 'பட்டி' என முடியும் ஊர்ப்பெயர்கள் மிகுதி. பட்டி என்பதன் பொருள்களுள் ஒன்று கால்நடைகளை அடைக்கும் இடம் என்பது. வானம் பார்த்த செம்மண் நிலத்தில் உழவும் மேய்ச்சலும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்காரர் கிடை போடுவர். நிலத்துக்கு எரு கிட்டும். மேய்ப்பருக்குத் தானியமோ பணமோ கிட்டும். எழுத்தில் வாராத இவ்வுடன்படிக்கை, இரு தரப்பாரின் வாய்ச்சொல்லில் நிலைத்தது.

இவ்வட்டாரத்துப் பொங்கல் விழாவில் நடைபெறும் எருதாட்டம், மதுரைப் பக்கத்து வாடிவாசல் சல்லிக்கட்டினின்றும் வேறுபட்டது. கழுத்தில் வடக்கயிறு பிணைத்த காளையைப் பலர் பிடித்து நிற்க, முன்னே பொம்மை காட்டி அதனை ஓடவிட்டு ஆடுவது இதன் முறை. காளையை அணைந்து அடக்குதல் அங்கே. கயிற்றால் அதன் விசையைத் தாங்குதல் இங்கே. உழவுக்கும் வண்டிக்கும் காளை பழக்குவோரின் அன்றாடப் பணியும் கயிறும் விசையும் பற்றியதே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

அந்தலூசியாவிலிருந்து அமெரிக்காவுக்கு

தொழிலே விளையாட்டாக மலர்வது தமிழகத்துக்கு மட்டும் உரிய நிகழ்ச்சியன்று. திரைப்படங்களின் வாயிலாக உலகறிந்த அமெரிக்கக் கௌபாயும் அவனுடைய ரோடியோ விளையாட்டும் இதற்கு மற்றுமொரு சான்று. அவ்வரலாற்றின் வேர்களுள் ஒன்று முஸ்லிம் ஸ்பெயினில் ஊன்றியிருப்பதைப் பலர் அறியார்.

கி.பி. 711இல் தொடங்கி 1492இல் கிரனாடாவின் வீழ்ச்சி வரை நீண்ட அந்தலூசிய வரலாற்றில், வட ஆப்பிரிக்காவின் ஸனாத்தா என்னும் பெர்பர் குலத்தார் சிறந்த குதிரை வீரர்களாக விளங்கினர். குறுகிய அங்கவடியும் மடித்த முழங்காலும் இலேசான சேணமும் கொண்டு, நொடியில் திரும்பவும் பாயவும் வல்ல அவர்களுடைய ஏற்றமுறையை ஸ்பானியர் கற்றுக்கொண்டு 'ஹினெத்தா' என அழைத்தனர். ஸ்பானிய மொழியில் குதிரைவீரனைக் குறிக்கும் 'ஹினெத்தே' என்னும் சொல்லும் ஸனாத்தா என்னும் குலப்பெயரிலிருந்து பிறந்ததே. குதிரையேற்றம் அக்காலத்தில் கல்வியாகவும் விளங்கிற்று. அப்பாஸியக் கலீஃபா அல் முஃததிதின் (892–902) குதிரைலாயத் தலைவராக இருந்த இப்னு அகீ ஹிஸாம், குதிரை பழக்குதலையும் அதன் நோய் தீர்த்தலையும் சேர்த்தே எழுதினார். பன்னிரண்டாம் நூற்றாண்டின் செவில் நகர அறிஞர் இப்னுல் அவ்வாம், தம் வேளாண்மை நூலில் கால்நடை வளர்ப்புக்கும் இடமளித்தார். ஏறத் தெரிந்தவன் பேணவும் தெரிந்திருத்தல் வேண்டும் என்பது அம்மரபின் கொள்கை.

1493இல் கொலம்பஸின் இரண்டாம் பயணத்தில் குதிரைகளும் மாடுகளும் அட்லாண்டிக்கைக் கடந்தன. மெக்சிகோவின் பரந்த புல்வெளிகளில் அவை பெருகியபோது, அவற்றை மேய்க்க 'வக்கேரோ' எனப்பட்ட மாட்டுக்காரர்கள் தோன்றினர். 'வக்கா' என்பது பசுவைக் குறிக்கும் ஸ்பானியச் சொல். டெக்சாஸில் குடியேறிய ஆங்கிலம் பேசுவோர், மாட்டுத் தொழிலை இந்த வக்கேரோக்களிடமே கற்றனர். லாஸோ என்னும் சுருக்குக்கயிறு ஸ்பானியச் சொல்லே. 'ரோடியோ' என்பதன் முதற்பொருளும் விளையாட்டன்று. வெளியில் சிதறிய மந்தையைச் சூழ்ந்து வளைத்து ஒன்றுசேர்த்தலே அதன் பொருள். மெக்சிகோவின் மரபு விளையாட்டான சர்ரேயாதாவில் காளையின்மேல் ஏறி அமரும் பகுதிக்கு இன்றும் 'ஹினெத்தேயோ' என்று பெயர். ஸனாத்தாக் குலத்தின் பெயர், கடல் கடந்து காளையின் முதுகில் நிலைபெற்றுவிட்டது!

இதுகொண்டு கௌபாய் மரபு முழுவதும் அரபு, பெர்பர் மரபின் வழித்தோன்றல் என்பது மிகையாகும். காஸ்தீலிய மாட்டுக்காரர், அமெரிக்கப் பூர்வகுடிகள், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொணரப்பட்டோரின் வழியினர் ஆகிய பலரும் அதனை உருவாக்கினர். ரோடியோ வரலாற்றில் புகழ்பெற்ற பில் பிக்கெட் (1870–1932) ஒரு கறுப்பின மாட்டுப்பண்ணைத் தொழிலாளி. ஓடும் காளையின் கொம்பைப் பற்றி வீழ்த்தும் விளையாட்டுமுறை அவரால் புகழடைந்தது. நாய்கள் மாட்டின் உதட்டைக் கவ்வி நிறுத்துவதைக் கண்டே அவர் அதனைக் கற்றார் என்பர். அவருடைய விளையாட்டுக்கும் ஆசான் தொழிலே.

மைசூரின் அம்ரித் மஹால்

மந்தையை வளைத்துச் சேர்க்கும் ரோடியோ நம் மண்ணிலும் நிகழ்ந்ததுண்டு. மேச்சேரிக்கு மேற்கே, காவேரிபுரம் கணவாய் வழியாக மைசூர்ப் பீடபூமிக்கு ஏறினால் அவ்வரலாறு தொடங்கும். 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை வரை சேலமும் பாராமகாலும் மைசூர் ஆட்சியில் அடங்கியிருந்தன என்பதை இங்கு நினைவுகூர்தல் வேண்டும்.

மைசூர் மன்னர் சிக்க தேவராஜர் (1672–1704) அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் வழங்க ஒரு மாட்டுத்துறையை அமைத்தார். ஹைதர் அலி அதனைப் படையின் தேவைக்கென விரிவாக்கினார். திப்பு சுல்தான் அதற்கு 'அம்ரித் மஹால்' எனப் பெயரிட்டு, நிருவாக விதிகளையும் வகுத்தார். 'காவல்' எனப்பட்ட மேய்ச்சல் நிலங்கள் கோடை, மழை, குளிர் எனப் பருவத்துக்கு ஏற்பப் பிரிக்கப்பட்டு, மந்தைகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓட்டிச் செல்லப்பட்டன. ஹைதர் அலி இரண்டரை நாளில் நூறு மைல் கடந்து சிதம்பரத்தைக் காக்க விரைந்தது இக்காளைகளின் வலிமையால்தான் என ஆங்கிலேயர் எழுதிய நூல்களே குறிக்கின்றன. திப்புவை வென்றவர்கள் அவருடைய மாடுகளைக் கைவிடவில்லை. பின்னாளில் வெல்லிங்டன் பிரபு எனப் புகழ்பெற்ற ஆர்தர் வெல்லெஸ்லியும் தம் படையெடுப்புகளில் இக்காளைகளின் திறனைப் பாராட்டினார்.

காட்டுவிலங்குபோல் வளர்ந்த இளங்காளைகளைப் பிடித்த முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு மைசூர் விவர நூல்கள் விளக்குகின்றன. புனல்போல் குறுகும் வாயில் வழியாக மந்தை ஓர் அடைப்புக்குள் ஓட்டப்படும். பின்னர்க் கொம்பில் சுருக்கு வீசிக் காளைகள் தனித்தனியே பிடிக்கப்படும். அதன்பின் அவை பழகிய காளையோடு பிணைக்கப்பட்டு, மெல்ல மெல்ல வசப்படுத்தப்படும். டெக்சாஸின் வக்கேரோ இதைக் கண்டிருந்தால் தன் தொழிலை உடனே அடையாளம் கண்டிருப்பான். ஆனால் மைசூரின் மேய்ப்பனைப் பாட ஒரு திரைப்படமும் எழவில்லை. 1860இல் சிக்கனத்தின் பெயரால் அம்மந்தைகள் விற்கப்பட்டன. தவறு உணரப்பட்டு 1866இல் துறை மீண்டும் நிறுவப்பட்டது. ஆறாண்டுகளில் சிதறடித்ததை மீட்கப் பெருமுயற்சி தேவைப்பட்டது.

வெளி மூடிற்று, களம் திறந்தது

அமெரிக்காவில் டெக்சாஸ் மாடுகளைக் கான்ஸாஸ் இருப்புப்பாதைக்கு ஓட்டிச்சென்ற பெரும்பயணங்களின் காலம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளே நீடித்தது. 1874இல் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். திறந்த வெளிகள் வேலிகளுக்குள் அடங்கின. இருப்புப்பாதை தெற்கே நீண்டது. மந்தையோட்டும் பயணம் தேவையற்றதாயிற்று. வேலையிழந்த கௌபாய் காட்சிப்பொருளானான். 'எருமை பில்' என அழைக்கப்பட்ட வில்லியம் கோடி தம் புகழ்பெற்ற காட்சியை 1883இல் தொடங்கினார். ஷையென் நகரின் ரோடியோ விழா 1897இல் பிறந்தது. வெளி மூடிய பின்னரே களம் திறந்தது என்பது தற்செயலன்று. வாழ்வாக இருந்தது நினைவாக மாறும்போது அதற்கு மேடை தேவைப்படுகிறது.

நம் பகுதியின் கதையும் இதனினின்று வெகுதொலைவில் இல்லை. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளில் மேய்ச்சலைக் கட்டுப்படுத்தியது. 1925இல் தொடங்கி 1934இல் நிறைவுற்ற மேட்டூர் அணை டெல்டாவுக்கு வளம் தந்தது. அதன் நீர்த்தேக்கத்திலோ பழைய ஊர்களும் நிலங்களும் மூழ்கின. பின்னர் நீரிறைக்கும் மோட்டாரும் டிராக்டரும் வந்தன. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்கள் லாரித் தொழிலில் புகழ்பெற்றன. கவலை இறைத்த காளையும் வண்டி இழுத்த காளையும் தொழுவிலிருந்து மறைந்தன. ஒகேனக்கல்லை ஒட்டிய காவிரிக் கரை ஊரின் பெயர் தாங்கிய ஆலம்பாடி மாட்டினம் இன்று அருகிவிட்டது.

இந்நிலையில்தான் சல்லிக்கட்டு வழக்கு நாட்டின் கவனத்தை ஈர்த்தது. 2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் தடைவிதித்தது. 2017 சனவரியில் மெரினாவில் இளைஞர் திரண்டனர். மாநிலச் சட்டத்திருத்தம் வந்தது. 2023 மே 18இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அத்திருத்தத்தை ஏற்றது. களம் காக்கப்பட்டது. தொழு காக்கப்பட்டதா என்னும் வினா அப்படியே நிற்கிறது. ஆண்டுக்கொருநாள் களமிறங்கும் காளைக்கு எஞ்சிய நாள்களில் மேய நிலம் வேண்டும். அதை அறிந்த மேய்ப்பனும் வேண்டும்.

விலங்குகளை வீணே மோதவிடுவதை வெறுத்த இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள், பயிற்சிக்கான குதிரையேற்றத்தையும் பந்தயத்தையும் ஊக்குவித்தனர். துன்புறுத்தலுக்கும் பழக்குதலுக்கும் இடையே அவர்கள் வரைந்த கோடு இன்றைய விவாதத்துக்கும் பயனுடையது. விலங்கை நாள்தோறும் பேணுபவனுக்கு அக்கோடு தெரியும். பார்வையாளனாக மட்டும் வருபவனுக்குத் தெரிவது அரிது.

எஞ்சியிருப்பது

நம்பிக்கை தரும் சான்றுகளும் உண்டு. மேச்சேரியின் பெயரை இன்று நாடறியச் செய்வது அதன் செம்மறியாடே. இளம்பழுப்பு நிறமும் குறுமயிரும் கொண்ட, கொம்பற்ற இவ்வினம் வறட்சியைத் தாங்க வல்லது. இதன் தோல் தரத்தால் பெயர்பெற்றது. ஆம்பூர், வாணியம்பாடி முஸ்லிம் வணிகர்கள் வளர்த்த தோல் தொழிலை ஊட்டியவை இத்தகைய வறண்ட சமவெளி மந்தைகளே. அண்மையிலுள்ள பொட்டனேரியில் 1978 முதல் இவ்வினத்துக்கென ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது.

தெற்கே காங்கேயம் பகுதியின் கொறங்காட்டையும் நோக்குதல் தகும். கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமும் வளரும் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிக் கிளுவையால் உயிர்வேலி அமைத்திருப்பர். அமெரிக்காவின் முள்கம்பி மேய்ச்சல்வெளியை மூடியது. கொங்கின் கிளுவை வேலியோ மேய்ச்சல் நிலத்தைக் காத்தது. காங்கேயம் காளை இன்றளவும் நிலைத்திருப்பதற்கு அந்நிலமும் ஒரு காரணம்.

துணிவு, பொறுமை, சொல் தவறாமை, வாயற்ற உயிரிடத்துப் பொறுப்பு ஆகியவை கௌபாயின் விழுமியங்களாக உலகெங்கும் பேசப்படுகின்றன. அவை எந்த ஒரு நாட்டின் தனியுடைமையும் அல்ல; மந்தையின் பின்னே நடந்தோர் அனைவரும் கற்ற பாடம். நபிமார் அனைவரும் ஆடு மேய்த்தவரே என்னும் நபிமொழியும் அப்பாடத்தின் உயர்வையே உணர்த்துகிறது. அப்பாடம் களத்தில் வெளிப்படலாம், களத்தில் பிறப்பதில்லை. ஊர்தோறும் எஞ்சியுள்ள மந்தைவெளியும் மேய்ச்சல் தரிசும் காக்கப்படும்வரை அதற்குப் பள்ளிக்கூடம் உண்டு. அவை அழிந்தபின் விளையாட்டு மட்டும் தொடருமாயின், பெரிய பயல் தன் தந்தைக்குக் கல் நட்டது ஏன் என்பதை நம் பிள்ளைகளுக்கு விளக்க நம்மால் இயலாது போகும்.