துப்பறிவாளன் படிக்கத் தவறிய கனவு

ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' (1958) படத்தில் முன்னாள் போலீஸ் துப்பறிவாளன் ஸ்காட்டி ஃபெர்குசன் காணும் கொடுங்கனவை அவனது மனநோயின் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். அதை ஒரு சாட்சியமாகப் படிக்க முடியும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

படத்தில் கனவுகள் இரண்டு. முதலாவதை, அவன் கண்காணிக்கும் மேடலின் சொல்கிறாள்: ஸ்பானியர் காலத்துத் தேவாலயம், மணிக்கூண்டு, தனக்கென வெட்டிய புதைகுழி. ஸ்காட்டிக்குள் இருக்கும் போலீஸ்காரன் விழித்துக்கொள்கிறான். அது சான் ஹுவான் பாட்டிஸ்டாதான் என்று இடத்தைக் கண்டுபிடித்து, அவளை அங்கேயே அழைத்துப் போகிறான். அந்தக் கனவோ, மனைவி மேடலினைக் கொல்லத் திட்டமிட்ட கேவின் எல்ஸ்டர் புனைந்த சூழ்ச்சியின் ஒரு பகுதி; அதைச் சொன்னவள் மேடலினாக நடிக்கும் ஜூடி. (படத்தில் காணும் மணிக்கூண்டுகூட அந்தத் தேவாலயத்தில் இருந்ததில்லை; ஸ்டுடியோவில் உருவாக்கியது.)

இரண்டாவது ஸ்காட்டியுடையது, மணிக்கூண்டிலிருந்து மேடலின் விழுந்து இறந்ததாக நடந்த மரண விசாரணைக்குப் பின் வருவது. விசாரணை அதிகாரி பழைய சம்பவத்தையும் கிளறியிருக்கிறார்: ஸ்காட்டியைக் காப்பாற்றக் கைநீட்டிய காவலர் கூரையிலிருந்து விழுந்து இறந்தது. ஓவியர் ஜான் ஃபெரன் வடிவமைத்த இந்தக் கனவில் பூச்செண்டு இதழிதழாகச் சிதறுகிறது. சன்னலருகே எல்ஸ்டர், அவன் பக்கத்தில், ஓவியத்திலிருந்து இறங்கி வந்தவள்போல, மேடலினைப் பீடித்திருப்பதாக எல்ஸ்டர் கூறிய கார்லோட்டா வால்டெஸ். காமிரா அவள் கழுத்தணியை நெருங்குகிறது. பிறகு மேடலின் சொன்ன அதே புதைகுழிக்குள் ஸ்காட்டி விழுகிறான். காவலரின் வீழ்ச்சியும் அவளுடைய வீழ்ச்சியும் அவன் உடலில் ஒன்றாகின்றன.

விழுவது குற்றவுணர்வு; அதில் ஐயமில்லை. ஆனால் எல்ஸ்டரும் கார்லோட்டாவும் சேர்ந்து நிற்கும் காட்சியில் சதி முழுவதும் அடங்கியிருக்கிறது. கழுத்தணியோ பின்னர் ஜூடியைக் காட்டிக்கொடுக்கப்போகும் தடயம். கனவு வழக்கை முடித்துவிட்டது. கண்டவனுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. மருத்துவர் மனச்சோர்வு, குற்றவுணர்வு என்று பெயரிட்டதோடு சரி. தன்னைக் குற்றவாளியாக வரித்துக்கொண்டவன் வேறொரு குற்றவாளியைத் தேடுவதில்லை.

கைவிட்ட ஆசை எங்கே போனது? வழக்கறிஞராக இருந்த ஸ்காட்டி ஒருநாள் போலீஸ் தலைமைப் பதவியில் அமர்வதென்று கிளம்பியவன். தொடக்கத்திலேயே அவன் தோழி மிட்ஜ் இதை நினைவூட்டுகிறாள். கனவில் அந்தக் கனவு இல்லை. ஒரு காவல் சீருடைகூட இல்லை. அந்த ஆசை மணிக்கூண்டுப் படிக்கட்டில்தான் திரும்பி வருகிறது. ஜூடியை இழுத்துக்கொண்டு ஏறும் ஸ்காட்டி குற்றத்தைப் படிப்படியாக மீட்டுருவாக்குகிறான், வாக்குமூலம் பெறுகிறான். படம் முழுவதிலும் அவன் தேர்ந்த காவல் அதிகாரியாக நடந்துகொள்வது இந்தச் சில நிமிடங்களில்தான். அதன் முடிவில் ஜூடி கீழே விழுந்து இறக்கிறாள்.

எல்ஸ்டரை ஐரோப்பாவில் தேடுகிறார்கள் என்று வானொலி அறிவிக்கும் ஒரு முடிவும் படமாக்கப்பட்டது. வெளியான படத்தில் அது இல்லை. அதை நீக்கியது சரியே. எல்ஸ்டரைப் பிடிக்கும் எண்ணம் ஸ்காட்டிக்கு அந்தப் படிக்கட்டில் ஒரு கணமும் வந்ததாகத் தெரியவில்லை.