நிறம் தேர்ந்தவர் யார்?

சித்திரை பிறந்துவிட்டால் துணிக்கடைகளில் வண்ணங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. இவ்வேனிலுக்கு இளநீலமா, மாந்தளிர் நிறமா, மஞ்சளா என்று மணிக்கணக்கில் ஆராயும் பெண்டிரைக் கண்டு கேலி பேசும் ஆடவர் பலர். நாம் அக்கூட்டத்தில் சேர்வதற்கில்லை. ஆடை தேர்வது அற்பச் செயலாயின், அதற்கெனக் கப்பல்கள் கடல் கடந்திருக்குமா? நாடாளுமன்றங்கள் சட்டம் இயற்றியிருக்குமா? கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் ஒரு கோட்டைதான் நிலைத்திருக்குமா?

அக்கடற்கரைக்கு அண்மையில் மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தோம். வெள்ளிக் கடற்கரை என்று பெயர் பெற்ற அழகிய கரை. அருகில், கெடிலத்தின் ஓரம், இடிந்து கிடக்கிறது புனித டேவிட் கோட்டை. கிளைவ் இருந்த இடம் என்று சிலர் பெருமை பேசுவர். இருந்தான்; 1756இல் துணை ஆளுநராக வந்தான், சில திங்களில் வங்கம் நோக்கிப் புறப்பட்டான். அவன் கதை பாடநூலில் போதுமான அளவு இருக்கிறது. நாம் சொல்ல விரும்பியது துணியின் கதை.

1690ஆம் ஆண்டு. செஞ்சியில் மராட்டிய மன்னன் இராசாராம். சென்னையில் கும்பெனி ஆளுநர் எலிகு யேல். கோட்டை விலைக்கு வந்தது. எல்லை எது என்ற கேள்விக்குக் கும்பெனியார் கண்ட விடை விந்தையானது. பெரியதொரு பீரங்கியைக் கொணர்ந்து திசைதோறும் சுட்டனர். குண்டு விழுந்த இடம் வரை அவர்களுக்கு! கேட்பாரற்ற ஊர்கள், கேளாமலே கைமாறின. குண்டு உப்பலவாடி என்னும் ஊர்ப் பெயர் இன்றும் உண்டு. அந்தக் குண்டுதான் பெயரிலும் ஒட்டிக்கொண்டது என்பர் மக்கள்.

அவர்களை இங்கே இழுத்தது எது? நெசவாளியின் தறியும், சாயக்காரனின் தாழியும்! அக்கலையைச் சற்று நின்று பார்ப்போம். துணியைக் கடுக்காய் நீரிலும் எருமைப் பாலிலும் ஊறவைப்பர். சிவக்க வேண்டிய இடத்தில் படிகார நீரும், கறுக்க வேண்டிய இடத்தில் இரும்புத் துரு நீரும் கொண்டு எழுதுவர். பிறகு சாயவேர் இட்டுக் காய்ச்சினால், படிகாரம் பட்ட இடம் மட்டும் செக்கச் சிவக்கும். நீலத்துக்கு அவுரி. நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசித் தாழியில் தோய்ப்பர். வெளியே எடுக்கும்போது துணி பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். மந்திரமா? இல்லை, காற்றிலுள்ள உயிர்வளி செய்யும் வேலை. நூல் எதுவும் படியாத சாயக்காரன் அந்த வேதியியலைக் கைப்பழக்கத்தில் அறிந்திருந்தான். புதுச்சேரியில் இருந்த கேர்தூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் 1742இல் இம்முறைகளையெல்லாம் கேட்டறிந்து தம் நாட்டுக்குக் கடிதமாக எழுதியனுப்பினார். வியப்பு மட்டுமா அதற்குக் காரணம்? அங்கேயே செய்து பார்க்கும் ஆவலுந்தான்!

கலை நம்முடையது. நிறம் தேர்ந்தவரோ கடலுக்கு அப்பால் இருந்தனர். 1643இலேயே இலண்டன் இயக்குநர்கள் சூரத்துக்கு எழுதினர்: சிவப்புத் தரை விற்கவில்லை, வெள்ளைத் தரையில் பூ வேண்டும் என்று. 1681இல் வங்கத்துக்குச் சென்ற ஆணை இன்னும் வெளிப்படையானது. பட்டுகளில் ஆண்டுதோறும் பூவையும் போக்கையும் மாற்றுங்கள். சென்ற ஆண்டின் நல்ல துணியைவிட, இவ்வாண்டின் மட்டமான புதுமைக்கு எங்கள் சீமாட்டிகள் இருமடங்கு விலை தருவர் என்பது அதன் சாரம். இன்றைய விளம்பரக்காரர் அறிந்த சூத்திரம் அன்றே அறியப்பட்டிருந்தது! ஆணை வந்து, துணி நெய்து, சாயமேற்றி, கப்பலேறி, இலண்டனில் ஏலத்துக்குப் போக ஏறத்தாழ ஈராண்டு. அதற்குள் சீமாட்டியின் மனம் மாறியிருந்தால்?

அந்தச் சீமாட்டிக்கும் முழு உரிமை இருந்ததென்று எண்ணிவிட வேண்டா. இந்தியத் துணியால் தங்கள் பிழைப்பு கெட்டதென்று 1719இல் இலண்டன் நெசவாளர் தெருவில் இறங்கினர். வண்ணத்துணி உடுத்திய பெண்களின் ஆடையைக் கிழித்தனர், மை ஊற்றினர். பசித்தவன் கோபம் பாராளுமன்றத்தின்மேல் பாயாமல் ஒரு பெண்ணின் பாவாடைமேல் பாய்ந்தது. 1721இன் சட்டம், அச்சிட்ட, தீட்டிய பருத்தித் துணியை உடுத்துவதையே குற்றமாக்கியது. தண்டம் ஐந்து பவுன். பிரான்சிலோ 1686 முதல் 1759 வரை தடை. ஆங்கிலச் சட்டம் விலக்களித்தவற்றுள் ஒன்று, முழுதும் நீலமாகத் தோய்த்த துணி.

அந்த நீலம் எங்கெங்கோ சென்றது. இக்கரையின் நீலத்துணி மூட்டைகள் ஐரோப்பா வழியே மேற்கு ஆப்பிரிக்காவை அடைந்தன. அங்கே அத்துணியைக் கொடுத்து மனிதரை வாங்கினர்! விலங்கிட்டு அமெரிக்கத் தோட்டங்களுக்கு ஏற்றினர். முழங்கை வரை நீலம் படிந்த நம் சாயக்காரனுக்கு, அத்துணி எதற்கு விலையாயிற்று என்று யார் சொன்னார்?

கும்பெனியை மட்டும் குற்றம் சாட்டி அமைதி கொள்வோமா? நம் நாட்டில் ஆடை தேர்ந்தவர் யார்? திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைக்கப் பல்லாண்டு போராடி, 1859இல்தான் ஆணை பெற்றனர். அப்போதும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல் உடுத்தக் கூடாதாம். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் எட்டுத் தடைகள் விதித்தனர். ஆதிதிராவிட ஆடவர் முழங்காலுக்குக் கீழே உடுத்தலாகாது. சட்டை கூடாது, பனியன் கூடாது. பெண்களுக்கு இரவிக்கை கூடாது, தாவணி கூடாது. இலண்டனில் மீறியவர்க்கு ஐந்து பவுன் தண்டம்; இங்கே மீறியவர் குடிசைக்குத் தீ!

இவற்றையெல்லாம் கடற்கரை மணலில் அமர்ந்து சொல்லி முடித்து, “உங்களுக்குப் பிடித்த நிறம் எது?” என்று மாணவர்களைக் கேட்டோம். ஆளுக்கொன்று கூவினர். ஒரு மாணவி மட்டும், “ஐயா, எங்கள் ஆயாவுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் பிறந்தது முதல் வெள்ளைச் சேலைதான்” என்றாள். கணவனை இழந்தவர்க்கு வெள்ளை என்று விதித்தது எந்தக் கும்பெனி? வீட்டுக்குப் போய்க் கேள் என்றோம்.

அடுத்த வாரம் வந்து சொன்னாள். முதலில் ஆயா சினந்தாராம், பிறகு சிரித்தாராம், விளக்கணைத்த பிறகு, கத்தரிப்பூ நிறம் என்று மெல்லச் சொன்னாராம். சேலை இன்னும் வாங்கவில்லை. அவள் தந்தையைப் பார்த்துப் பேச வரும் ஞாயிறன்று நாம் செல்கிறோம்.