வைல்டர்னஸ் ரோடு

வைல்டர்னஸ் ரோடு, அப்பலாச்சிய மலைத்தொடரைக் கடந்து கென்டக்கிக்குச் சென்ற குடியேற்றப் பாதை. 1775 மார்ச்சில் டேனியல் பூன் தலைமையில் சுமார் 30 பேர் கோடரிகளோடு இதைத் திருத்தினர். இன்றைய டென்னசி மாநிலத்தின் கிங்ஸ்போர்ட் அருகே, ஹோல்ஸ்டன் ஆற்றின் லாங் ஐலண்டில் தொடங்கி, கம்பர்லாந்து கணவாயில் மலையைத் தாண்டி, கென்டக்கி ஆற்றங்கரையின் பூன்ஸ்பரோவில் முடிந்தது. நீளம் ஏறத்தாழ 200 மைல்.

பாதை பூனின் கண்டுபிடிப்பு அல்ல. காட்டெருமை மந்தைகள் மிதித்துப் பதித்த தடங்களிலும், செரோக்கி, ஷானி பழங்குடிகள் வேட்டைக்கும் போருக்கும் தலைமுறை தலைமுறையாக நடந்த வழியிலும்தான் பெரும்பகுதி சென்றது. வர்ஜீனியாவைச் சேர்ந்த மருத்துவர் தாமஸ் வாக்கர் 1750-லேயே கணவாயைக் கடந்து குறிப்பெழுதி வைத்திருந்தார்.

மலைக்கு மேற்கே குடியேறுவதைச் சட்டம் தடுத்திருந்தது. பிரெஞ்சுக்காரர்களுடனான போர் முடிந்த கையோடு, பாண்டியாக் தலைமையில் பழங்குடிகள் எழுந்தனர். இன்னொரு எல்லைப் போரின் செலவைத் தாங்க லண்டனால் முடியவில்லை. 1763 அக்டோபர் 7 அன்று மூன்றாம் ஜார்ஜ் மன்னர், மலைமுகட்டுக்கு மேற்கே குடியேறக் கூடாது, பழங்குடிகளிடமிருந்து தனியார் நிலம் வாங்கக் கூடாது என்று பிரகடனம் செய்தார். மேற்கே நிலம் பிடிக்கக் காத்திருந்தவர்களுக்கு, ஜார்ஜ் வாஷிங்டன் உட்பட, இது பெரிய மனக்குறை. அமெரிக்க விடுதலைப் போரின் காரணங்களில் தேயிலை வரியைப் பற்றிப் பேசுமளவுக்கு இந்தக் குறையைப் பற்றி நாம் பேசுவதில்லை. எல்லைப்புறத்து மக்களுக்கு நிலம்தான் முதல் பிரச்சினை.

தடை சீக்கிரமே தளர்ந்தது. 1768-இல் ஸ்டான்விக்ஸ் கோட்டை ஒப்பந்தத்தில், ஒஹையோ ஆற்றுக்குத் தெற்கே இருந்த நிலத்தை இரோக்குவா கூட்டமைப்பு பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்தது. அந்த நிலத்தில் வேட்டையாடிப் பிழைத்த ஷானிகள் அதற்கு ஒப்பவே இல்லை. தங்கள் சம்மதமின்றிக் கைமாறிய மண்ணுக்காக அவர்கள் அடுத்த கால்நூற்றாண்டு போரிட்டனர். 1773-இல் குடும்பங்களோடு கென்டக்கிக்குப் புறப்பட்ட பூன், வழியில் நடந்த தாக்குதலில் மூத்த மகன் ஜேம்ஸைப் பறிகொடுத்துத் திரும்பினார்.

வட கரோலினாவில் நீதிபதியாக இருந்த ரிச்சர்ட் ஹெண்டர்சன், டிரான்சில்வேனியா கம்பெனியை நிறுவி, 1775 மார்ச்சில் சிகமோர் ஷோல்ஸில் செரோக்கித் தலைவர்களைக் கூட்டினார். 10,000 பவுண்டு மதிப்புள்ள சரக்குக்குச் சுமார் 2 கோடி ஏக்கர் என்பது பேரம். முதிய தலைவர் அட்டாகுல்லாகுல்லா இசைந்தார். அவர் மகன் டிராகிங் கேனூ எதிர்த்து நின்றார். பத்திரம் கையெழுத்தானது மார்ச் 17-இல். பாதை திருத்த ஹெண்டர்சன் அமர்த்திய பூனின் ஆட்கள் அதற்கு ஒரு வாரம் முன்பே, 10-ஆம் தேதியே, புறப்பட்டுவிட்டனர். மன்னரின் தடையை மீறிய விற்பனை இது என்று வர்ஜீனியா, வட கரோலினா ஆளுநர்கள் இருவரும் கண்டித்தும் பயனில்லை.

மார்ச் 25 விடியற்காலையில் பூனின் முகாம் தாக்கப்பட்டது. வில்லியம் ட்விட்டியும் அவருடைய அடிமை சாமும் மாண்டனர். மீதிப் பேர் ஏப்ரல் 1-இல் ஆற்றங்கரையை அடைந்தனர். அதே மாதம் 19-இல் லெக்சிங்டனில் விடுதலைப் போரின் முதல் குண்டு வெடித்தது.

கென்டக்கியில் அந்தப் போர் கோட்டைகளைச் சுற்றியே நடந்தது. 1776 ஜூலையில் பூனின் மகள் ஜெமிமாவும் கால்வே குடும்பத்துச் சிறுமியர் இருவரும் கடத்தப்பட்டு, மூன்றாம் நாள் மீட்கப்பட்டனர். 1778 பிப்ரவரியில் உப்புக் காய்ச்சச் சென்ற பூனையே ஷானிகள் பிடித்தனர். தலைவர் பிளாக்ஃபிஷ் அவரை மகனாகத் தத்தெடுத்தார். ஜூனில் பூன் தப்பியோடி வந்தார். செப்டம்பரில் பிளாக்ஃபிஷ் பூன்ஸ்பரோவை முற்றுகையிட, கோட்டை தாக்குப்பிடித்தது. யார்க்டவுனில் பிரிட்டிஷார் சரணடைந்து பத்து மாதம் கழித்தும், 1782 ஆகஸ்டில், புளூ லிக்ஸ் சண்டையில் கென்டக்கிப் படை படுதோல்வி கண்டது. பூனின் இன்னொரு மகன் இஸ்ரேல் அதில் இறந்தார். மறு ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை மிசிசிப்பி வரையிலான நிலத்தை அமெரிக்காவுக்கு எழுதிக் கொடுத்தது. அங்கே வாழ்ந்த பழங்குடிகளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. டிராகிங் கேனூ 1792-இல் இறக்கும்வரை ஆயுதத்தைக் கீழே வைக்கவில்லை.

1796-இல் அகலப்படுத்தப்படும்வரை பாதையில் வண்டி ஓட வழியில்லை, பொதிக்குதிரையும் கால்நடைப் பயணமும்தான். அப்படியும் மக்கள் திரண்டு வந்தனர். 1790 கணக்கெடுப்பில் கென்டக்கியின் மக்கள்தொகை 73,677. அவர்களில் 12,430 பேர் அடிமைகள். குடியேற்றக் கதைகளில் இவர்கள் பெயரின்றியே போய்விட்டனர். 1792 ஜூன் 1-இல் கென்டக்கி 15-ஆவது மாநிலமானது.

ஹெண்டர்சனின் பத்திரத்தை வர்ஜீனியா 1778-இல் செல்லாததாக்கி, ஈடாக 2 லட்சம் ஏக்கர் மட்டும் கொடுத்தது. ஒரே நிலத்துக்குப் பலர் உரிமை கோரியதால் வழக்குகள் பெருகின. பட்டாவைச் சரிவரப் பதியாத எளிய குடியேறிகள் பலர் உழுத நிலத்தை இழந்தனர். பாதை போட்ட பூனும் தம் நிலங்களை இழந்து, 1799-இல் ஸ்பானிய ஆட்சியில் இருந்த மிசூரிக்குப் போய்ச் சேர்ந்தார்.