இசைஞர் அணியும் ஆடை

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம் முன்னோர் வாக்கு. அன்றாட வாழ்வில் இது எவ்வளவு உண்மையோ, மேடையேறி இசைக்கும் குழுவினரைப் பொறுத்தமட்டில் அதைவிடப் பன்மடங்கு உண்மை. குழல் உதட்டைத் தொடுமுன்பே, வில் தந்தியைத் தொடுமுன்பே, அவர்களது உடை மக்களோடு பேசி முடித்துவிடுகிறது. விழாக்காலம் நெருங்கினால் நம் பாடகர் குழுவிலும் இளைஞர் இசைக்குழுவிலும் முதலில் எழும் கேள்வி "என்ன பாட்டு?" என்பதன்று, "என்ன உடை?" என்பதே. பெரியவர்கள் சிலர் இதனை வீண் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடுவர். ஆனால் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்த்தால், இந்தச் சிறு கேள்வியின் பின்னால் ஒரு பெரிய கேள்வி நிற்பது புலனாகும். இசைஞன் யார்? ஏவலாளா, கூலியாளா, அல்லது நம்மோடு சமமாக வீற்றிருக்கத் தக்க மனிதனா? ஒவ்வொரு காலத்திலும் இதற்குக் கிடைத்த விடை, இசைஞனின் உடையில் எழுதப்பட்டிருக்கிறது.

அரசனும் பாடகனும்

விவிலியத்திலிருந்தே தொடங்குவோம். உடன்படிக்கைப் பேழையை எருசலேமுக்குக் கொண்டுவந்த நாளில் தாவீது அரசர் மெல்லிய நார்ப்பட்டாடை அணிந்திருந்தார் என்று குறிப்பேட்டின் முதல் நூல் கூறுகிறது. பேழையைச் சுமந்த லேவியரும், பாடகரும் அதே ஆடையை அணிந்திருந்தனர் என்று அந்நூல் தொடர்ந்து சொல்வதைப் பலர் கவனிப்பதில்லை. பின்னர் சாலமோனின் ஆலயத்தில் ஆசாபு, ஏமான், எதுத்தூன் ஆகியோரும் அவர்தம் மக்களும் நார்ப்பட்டு உடுத்தி, கைத்தாளமும் யாழும் ஏந்திப் பலிபீடத்துக்குக் கிழக்கே நின்றனர். அவர்களோடு எக்காளம் ஊதிய குருக்கள் 120 பேர். அரசனுக்கு ஒரு துணி, பாடகனுக்கு வேறொரு துணி என்ற வேறுபாடு அங்கே இல்லை. ஆண்டவர் திருமுன் இசைப்பவன் அரசனோடு ஒரே நெசவில் நின்றான்.

எசமானர் கொடுத்த சட்டை

பிற்கால ஐரோப்பாவில் நிலைமை மாறியது. பிரபுக்கள் தத்தம் மாளிகைகளில் இசைக்குழுக்களை வைத்துப் போற்றினர் என்பது உண்மையே. ஆயினும் அக்குழுவினர் மாளிகைப் பணியாளர் கணக்கில் அடங்கியவர்கள். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, இசைமேதை யோசேப்பு ஹைடன். 1732-இல் ஆஸ்திரியாவில் ரோராவு என்னும் சிற்றூரில் ஒரு சக்கரத் தச்சரின் மகனாகப் பிறந்தவர். வியன்னாவின் புனித ஸ்தேவான் பேராலயத்தில் பாடற் சிறுவனாக வளர்ந்தவர். தாம் எழுதிய இசைச் சுவடிகளின் தொடக்கத்தில் ஆண்டவர் பெயரையும் முடிவில் இறைவனுக்குப் புகழ்ச்சியையும் இலத்தீனில் எழுதிவைத்த பக்திமான்.

இவர் 1761 மே முதல் நாள் எஸ்டர்ஹாசி பிரபுவின் அரண்மனையில் துணை இசைத் தலைவராக ஒப்பந்தம் செய்துகொண்டார். அந்த ஒப்பந்தம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. விருந்தினர் முன் இசைக்கும்போது ஹைடனும் அவர்தம் குழுவினரும் சீருடையில் வரவேண்டும். வெள்ளைக் காலுறையும் வெள்ளைச் சட்டையும் அணிந்து, தலைக்கு மாவுப்பொடி பூசி, பின்னல் குடுமியோ கட்டிய பொய்முடியோ எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று அதில் ஒரு விதி உண்டு. அதே ஒப்பந்தம், நாள்தோறும் முற்பகலிலும் பிற்பகலிலும் முன்னறையில் காத்திருந்து, இன்று இசை உண்டா இல்லையா என்று எசமானரின் உத்தரவைக் கேட்டறியவேண்டும் என்கிறது. சட்டையும் காத்திருப்பும் ஒரே தாளில் எழுதப்பட்டதைக் கவனியுங்கள். எசமானர் தந்த உடை, உடுத்தியவன் யாருடைய ஆள் என்பதை ஊரறியச் சொன்னது.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஹைடன் அந்தச் சேவகத்தில் இருந்தார். 1790-இல் பிரபு மறைந்தபின் இலண்டன் மாநகரம் அவரை வரவேற்றது. 1791 சூலையில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் அவருக்கு இசை முனைவர் பட்டம் வழங்கியது. அன்று அணிந்த பட்டதாரி அங்கிக்காகத் தாம் அரைக் கினி கொடுத்ததை அவர் தமது குறிப்பேட்டில் வரவு செலவுக் கணக்காக எழுதிவைத்தார். தச்சரின் மகன் பிறர் சட்டையில் முப்பது ஆண்டுகள் நின்றபின், தம் காசு கொடுத்து, தம் கலைக்காகக் கிடைத்த அங்கியை அணிந்தார்!

மோட்சார்ட்டின் கதை இதனினும் கூர்மையானது. குருவாகிய எனக்கு அதனை எழுதுவது இனிமையான வேலையன்று. அவருடைய எசமானர் சால்ஸ்பர்க் பேராயர் கொலொரேடோ. 1781-இல் பேராயரின் பரிவாரத்தோடு வியன்னா சென்ற மோட்சார்ட்டுக்கு உணவு மேசையில் ஏவலருக்குக் கீழும் சமையற்காரருக்கு மேலுமாக இடம் ஒதுக்கப்பட்டது. இதனை அவரே தம் தந்தைக்குக் கேலியும் கசப்புமாக எழுதினார். அவ்வாண்டே அந்தப் பணியை உதறினார். அடுத்த ஆண்டு ஒரு சீமாட்டிக்கு எழுதிய கடிதத்தில், ஓர் அழகிய சிவப்பு மேலங்கியின்மீது தமக்கு ஏற்பட்ட ஆசையையும், அதற்குத் தைக்கவேண்டிய முத்துச்சிப்பிப் பொத்தான்களையும் குழந்தைபோல் விவரிக்கிறார். வீண் பகட்டு என்று நாம் சிரிக்கலாம். ஆனால் சமையற்காரரை அடுத்து உட்காரவைக்கப்பட்ட ஒருவன், தன் சட்டையைத் தானே தெரிந்துகொள்ள விரும்பியதில் வியப்பென்ன?

பிரபு என்று பெயர்பெற்ற பணியாள் மகன்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பெரிய இசைக்குழுக்கள் கறுப்பு வால்கோட்டும் வெள்ளைக் கழுத்துப்பட்டையும் அணியத் தொடங்கின. அது அன்றைய கனவான்கள் மாலை வேளையில் உடுத்திய உடை. அதாவது, மேடையில் இருப்பவரும் கீழே இருப்பவரும் ஒரே உடையில் இருந்தனர். கேட்க வந்தவர்கள் பின்னாளில் அதனைக் கைவிட்டனர். இசைஞர் பலர் விடவில்லை.

அந்தக் கனவான் உடையை ஒரு போர்க்கவசம் போல் அணிந்தவர் ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். 1899-இல் வாஷிங்டனில் பிறந்த எட்வர்ட் கென்னடி எலிங்டன் என்னும் கறுப்பின இசைஞரே அவர். அவர் தந்தை ஒரு மருத்துவர் வீட்டில் தலைமைப் பணியாளாக இருந்தவர். மகனின் மிடுக்கையும் நேர்த்தியான உடையையும் கண்ட இளமைத் தோழர் ஒருவர் அவரை 'டியூக்', அதாவது பிரபு என்று அழைக்க, அப்பெயரே நிலைத்துவிட்டது. 1927 டிசம்பர் முதல் நியூயார்க் ஹார்லெம் பகுதியில் காட்டன் கிளப் என்னும் கேளிக்கை விடுதியில் அவர் குழு இசைத்தது. மேடையில் கறுப்பர், பார்வையாளராக நுழைய வெள்ளையருக்கே அனுமதி. அங்கே எலிங்டனின் ஆட்கள் மடிப்புக் கலையாத மாலை உடையில் அமர்ந்தனர். தென் மாநிலங்களில் விடுதிகள் கறுப்பருக்கு அறை தர மறுத்த காலத்தில், தனி இரயில் பெட்டிகளை வாடகைக்கு எடுத்துப் பயணம் செய்தார் எலிங்டன். எனவே குழுவினர் உறங்கவும் உடை மாற்றவும் பிறர் தயவை நாட நேரவில்லை. வாய் திறந்து வாதாட முடியாத இடத்தில் அவர்களுடைய சட்டைக் கஞ்சி வாதாடியது எனலாம். 1963-இல் இக்குழு இந்தியாவிலும் இலங்கையிலும் இசைத்தது. 1965-இல் சான்பிரான்சிஸ்கோ நகரின் கிரேஸ் பேராலயத்தில் எலிங்டன் தமது முதலாவது திருவிசை நிகழ்ச்சியை நடத்தினார்.

தோளில் ஏறிய துண்டு

கடல் கடந்து போவானேன்? நம் தமிழ் மண்ணிலேயே இதே போராட்டம் நடந்தது. நாதசுரக் கலைஞர்கள் இறைவன் பவனியில் முன்செல்பவர்கள். ஆனால் ஊர்ப் பெரிய மனிதர் முன்னிலையில் அவர்கள் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மேலுடம்பு திறந்தபடி நின்றுதான் வாசிக்கவேண்டும் என்பது பல இடங்களில் வழக்கமாயிருந்தது. ஹைடனின் வெள்ளைக் காலுறை எதனைச் சொன்னதோ, இடுப்பில் கட்டிய துண்டும் அதனையே சொன்னது.

இவ்வழக்கத்தை உடைத்தவர்களுள் முதன்மையானவர் திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898-1956). குடுமியை நீக்கிக் கிராப்பு வைத்துக்கொண்டார். நீண்ட கோட்டும் ஷெர்வானியும் அணிந்தார். மற்ற வித்துவான்களைப்போல் மேடையில் அமர்ந்தே வாசிப்பேன் என்று நின்றார். அவருடைய தோடி இராகத்தைக் கேட்டு மயங்கிய ஊர், அவருடைய கோட்டையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. திறமை இல்லாமல் கோட்டு மட்டும் இருந்திருந்தால் அது கேலிக்கூத்தாய் முடிந்திருக்கும்; திறமை இருந்தும் துண்டு இடுப்பிலேயே இருந்திருந்தால் அது அநீதியாய்த் தொடர்ந்திருக்கும்.

தோலாடையும் கோட்டும்

இன்றைய இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கையாக இன்னொரு கதையும் சொல்லவேண்டும். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரைச் சேர்ந்த பீட்டில்ஸ் குழுவினர், செருமனியின் ஹாம்பர்க் நகர விடுதிகளில் இசைத்த நாள்களில் கறுப்புத் தோலாடையைப் பழக்கப்படுத்திக்கொண்டனர். மேடையிலேயே தின்பார்கள், புகைப்பார்கள். 1961 நவம்பரில் அவர்களைக் கண்ட பிரையன் எப்ஸ்டீன், அவர்களுக்கு மேலாளரானதும் தோலாடையைக் களையச் செய்தார். 1962-இல் தையற்காரரிடம் அழைத்துச்சென்று ஒரேமாதிரிக் கோட்டுசூட்டுத் தைத்துக்கொடுத்தார். நிகழ்ச்சி முடிவில் நால்வரும் ஒருசேரத் தலைவணங்கவும் பழக்கினார். வானொலியும் தொலைக்காட்சியும் கதவைத் திறந்தன. உலகப் புகழ் வந்தது. ஆயினும் அவர்களுள் ஒருவரான ஜான் லெனன், அந்தக் கோட்டோடு தங்கள் இசையின் உயிரையும் விற்றுவிட்டதாகப் பிற்காலத்தில் குறைப்பட்டுக்கொண்டார். 1966-இல் அவர்கள் ஊர் ஊராய்ச் சென்று இசைப்பதையே நிறுத்தினர். அடுத்த ஆண்டு வெளிவந்த இசைத்தட்டின் உறைக்காகப் பழைய இராணுவ பேண்டு உடையைப் பளபளக்கும் பல வண்ணச் சாட்டின் துணியில் தைத்து அணிந்தனர். அதனைத் தாங்களே தெரிந்துகொண்டனர். வெற்றிக்காகப் பிறர் மாட்டிவிட்ட உடை உடம்பிற்குப் பொருந்தலாம். உள்ளத்திற்குப் பொருந்துமா என்பதையும் கேட்டுக்கொள்ளவேண்டும்.

நம் தெருவில்

இராணுவ பேண்டு உடை என்றதும் நம் ஊர் பேண்டு செட் நினைவிற்கு வராமல் போகாது. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் (1798-1832) தம் அரண்மனையில் மேலைநாட்டு பேண்டு வாத்தியக் குழுவை வைத்திருந்தார். ஆங்கிலேயப் படைப்பிரிவுகளின் பேண்டுகளும் நம் மக்கள் கண்ணையும் காதையும் கவர்ந்தன. அந்தச் சிவப்புக் கோட்டும், தோள்பட்டைக் குஞ்சமும், தொப்பியும் இன்றும் நம் திருமணங்களிலும் தேர்ப்பவனிகளிலும் நடந்துவருகின்றன. குளிர் நாட்டுப் போர்வீரனுக்காகத் தைத்த உடை அது. சித்திரை வெயிலில் டிரம் சுமந்து நடப்பவனுக்கும், மூச்சடக்கி ட்ரம்பெட் ஊதுபவனுக்கும் அது எவ்வளவு பொருத்தம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கழுத்துப் பொத்தானை இறுக்கினால் ஊதுகுழல்காரனுக்கு மூச்சு முட்டும். பட்டை வைத்த தோளில் வயலின் நிற்காது. தொங்கும் கைச்சட்டை ஆர்மோனியக் கட்டையில் சிக்கும். உடையைத் தெரிவு செய்பவர் முதலில் வாத்தியக்காரனையே கேட்டறிவது நலம்.

ஆகவே, நம் பாடகர் குழுவினருக்கும் இளைஞர் இசைக்குழுவினருக்கும் மூன்று வார்த்தை. முதலாவது, உடையைக் குழுவாகக் கூடி முடிவு செய்யுங்கள். பணம் கொடுப்பவர் ஒருவர் என்பதற்காக முடிவும் அவர் ஒருவருடையதாக இருக்கவேண்டியதில்லை. இரண்டாவது, குழுவில் மிக ஏழையான பிள்ளையின் வீட்டால் எது இயலுமோ அதுவே எல்லாருக்கும் அளவுகோலாகட்டும். தாவீது காலத்து நார்ப்பட்டின் பொருள், அதன் விலையில் இருக்கவில்லை; எல்லாரும் அதையே அணிந்ததில் இருந்தது. மூன்றாவது, கோட்டைத் தைக்குமுன் தோடியைப் பழகுங்கள்!

பங்கு மக்களாகிய நம் எல்லாருக்கும் ஒரு வார்த்தை உண்டு. யூபிலித் தேரின் முன்னால் வெளுத்துப்போன சிவப்புக் கோட்டில் பேண்டு செட்டுக்காரர் வருவார்கள். அக்கோட்டு அநேகமாக அவர்களுடையதாக இராது; செட்டின் உரிமையாளருடையதாக இருக்கும். பவனி முடிந்ததும் அவர்கள் சுவரோரம் அமர்ந்து பொத்தான்களைக் கழற்றி விசிறிக்கொள்வார்கள். அந்நேரத்தில் மோட்சார்ட்டுக்குக் கிடைத்த நாற்காலியை நாம் நினைவில் கொள்ளவேண்டும். எந்தப் பந்தியில் அவர்களுக்கு இலை போடுகிறோம், யாருக்கு அருகில் போடுகிறோம் என்பதில், இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு பேராயர் இல்லம் செய்த தவற்றை நம் பங்கு மீண்டும் செய்யாதிருக்கட்டும். முதற்பந்தியிலேயே அவர்களுக்கு இடம் இருக்கட்டும்.