ஒரே பேண்ட், ரெண்டு சவுண்டு: ராக் இசையில் ‘புரொட்யூசர்’ என்னதான் செய்கிறார்?

நம்ம ஊர்ல தயாரிப்பாளர்னா படத்துக்குப் பணம் போடுறவர். ராக் இசையில் ‘ரெக்கார்ட் புரொட்யூசர்’ வேறு ரகம். எந்த டேக் ஓகே, டிரம்ஸுக்கு மைக்கை எங்கே வைப்பது, பாடகர் திரும்பவும் பாடணுமா என்பதில் எல்லாம் அவர் பேச்சு எடுபடும். கிட்டத்தட்ட சினிமா இயக்குநர் மாதிரி.

இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் நிர்வாணா. கர்ட் கோபேன், கிறிஸ்ட் நோவோசெலிக், டேவ் குரோல் என அதே மூணு பேர்தான். ஆனால் ‘நெவர்மைண்ட்’ (1991), ‘இன் யூடரோ’ (1993) ஆல்பங்களை அடுத்தடுத்து கேட்டால் வேறு வேறு பேண்டோ என்று தோன்றும்.

ஜான் லெனான் பெயர் செய்த வேலை

‘நெவர்மைண்ட்’ புரொட்யூசர் பட்ச் விக். ஒரே வரியை இரண்டு முறை பாட வைத்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் குரல் கனமாகக் கேட்கும். இதற்குப் பெயர் டபுள் டிராக்கிங். கோபேனுக்கு இது ஏமாற்று வேலையாகப் பட்டது. ‘ஜான் லெனானே இப்படித்தான் பாடினார்’ என்றார் விக். பீட்டில்ஸ் ரசிகரான கோபேன் அதன்பிறகு மறுக்கவில்லை!

பிறகு ஆண்டி வாலஸ் செய்த மிக்ஸிங், ஆல்பத்தை ரேடியோவுக்கு ஏற்றபடி பளபளப்பாக்கியது. 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் ‘டேஞ்சரஸ்’ ஆல்பத்தைத் தள்ளிவிட்டு பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. கோபேனுக்கோ, அந்தப் பளபளப்பே பின்னாளில் உறுத்தலானது.

‘ராயல்டி வேண்டாம்’

அடுத்த ஆல்பத்துக்கு அவர் தேடிப்போனது ஸ்டீவ் அல்பினியை. புரொட்யூசர் என்ற பட்டமே அல்பினிக்குப் பிடிக்காது. ‘பதிவு செய்தவர்’ என்று போட்டால் போதும் என்பார். 1 லட்சம் டாலர் சம்பளம் வாங்கிக்கொண்டு ராயல்டியை மறுத்துவிட்டார். விற்பனையில் பங்கு வாங்குவது, பிளம்பர் வீட்டுக்காரரிடம் மாதாமாதம் காசு கேட்பது போல என்பது அவர் எண்ணம். பாட்டு பேண்டுடையதாச்சே!

1993 பிப்ரவரியில், மினசோட்டாவில் உள்ள ஒரு ஸ்டுடியோவில் சுமார் 2 வாரத்தில் வேலை முடிந்தது. பேண்ட் சேர்ந்து வாசிப்பதை அப்படியே பிடிப்பது அல்பினி பாணி. டிரம்ஸைச் சுற்றி நிறைய மைக்குகள் வைத்து, அறையின் எதிரொலியையும் சேர்த்தே பதிவு செய்தார். மெருகு கிடையாது.

ரெக்கார்ட் கம்பெனிக்கு இது ரசிக்கவில்லை. பேண்டுக்கும் பேஸ் கிட்டார், குரல் சரியாகக் கேட்கவில்லையோ என்ற சந்தேகம் வந்தது. கடைசியில் ‘ஹார்ட் ஷேப்டு பாக்ஸ்’, ‘ஆல் அப்பாலஜீஸ்’ பாடல்களை மட்டும் ஸ்காட் லிட் மறுபடி மிக்ஸ் செய்தார்.

அந்த இரண்டு பாடல்களின் அல்பினி மிக்ஸும் 2013-ல் வந்த 20-ம் ஆண்டு சிறப்புப் பதிப்பில் இருக்கிறது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்கலாம்.