நாலு ஓட்டை, 170 மில்லிமீட்டர்

போன வாரம் நண்பன் ஒருத்தன் போன் பண்ணினான். "மச்சான், மேசை ஓரமா வைக்கிற மாதிரி ஒரு குட்டி டெஸ்க்டாப் கட்டணும். எந்த மதர்போர்டு, எந்த கேஸ் வாங்கலாம்?" மாடல் பேர் சொல்றதுக்கு முன்னாடி அவனுக்கு ஒரு கதை சொன்னேன். அந்தக் கதைதான் இன்னைக்கு எபிசோட்.

நான் காலேஜ் மூணாவது வருஷம் படிக்கும்போது, அப்பா அனுப்பிய பணத்தில் ரிச்சி தெருவில் ஒரு செகண்ட் ஹேண்ட் குட்டி கம்ப்யூட்டர் வாங்கினேன். ஷூ பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்ளோதான். ஹாஸ்டல் மேசைக்குக் கச்சிதமாக இருந்தது. எட்டே மாதத்தில் மதர்போர்டு போய்விட்டது. சரி, போர்டை மட்டும் மாத்திடலாம்னு தெரு முழுக்க அலைந்தேன். எதுவும் பொருந்தவில்லை. அந்தப் பெட்டியைச் செய்த கம்பெனி தனக்கென்று ஒரு போர்டு வடிவம் வைத்திருந்தது. ஸ்க்ரூ ஓட்டைகள்கூட வேறு இடத்தில். ப்ராசஸர், ரேம், ஹார்ட் டிஸ்க் எல்லாம் நல்லாத்தான் இருந்தது. ஆனால் பெட்டி எடைக்குத்தான் போனது. அப்பாகிட்ட அதைச் சொல்ல எனக்கு ஒரு மாசம் ஆச்சு.

அன்னைக்குத்தான் எனக்கு ஒரு கேள்வி வந்தது: ஸ்க்ரூ ஓட்டை எங்கே இருக்கணும்னு யார் முடிவு பண்றாங்க?

1995-இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறையை வெளியிட்டது. முழு அளவு போர்டு 305 × 244 மில்லிமீட்டர். ஓட்டைகள் எங்கே, பின்பக்க போர்ட்டுகள் எங்கே, கார்டு செருகும் இடம் எங்கே, எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. அதனால் ஒரு கம்பெனியின் போர்டு இன்னொரு கம்பெனியின் கேஸில் உட்கார்ந்தது. 1997-இல் இன்டெல்லே அதைச் சுருக்கி, 244 × 244-இல் மைக்ரோ ஏடிஎக்ஸ் கொண்டுவந்தது.

அடுத்த சுருக்கலைச் செய்தது இன்டெல் இல்லை. தைவானின் வியா டெக்னாலஜீஸ். இவர்கள் அப்போது சிப்செட் செய்துகொண்டிருந்தவர்கள். 1999-இல் சைரிக்ஸ், சென்டார் என்ற இரண்டு ப்ராசஸர் பிரிவுகளை வாங்கியிருந்தார்கள். வேகத்தில் இன்டெல், ஏஎம்டி ரெண்டு பேரையும் இவர்களால் ஜெயிக்க முடியவில்லை. ஆனால் இவர்களுடைய சி3 ப்ராசஸர் கம்மி கரண்ட் எடுக்கும், கம்மியாகச் சூடாகும். அப்படி ஒரு ப்ராசஸருக்கு எதுக்குப் பெரிய போர்டு? 2001-இல் மினி ஐடிஎக்ஸ் வந்தது. 170 × 170 மில்லிமீட்டர். பரப்பளவில் ஏடிஎக்ஸில் ஐந்தில் இரண்டு பங்குதான்!

இங்கேதான் அவர்கள் புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்தார்கள். மினி ஐடிஎக்ஸ் போர்டில் இருப்பது நாலே நாலு ஓட்டை. அந்த நாலும் ஏடிஎக்ஸ் ஓட்டைகளோடு அப்படியே பொருந்தும். பின்பக்க போர்ட்டுகளும் அதே இடத்தில்தான். அதாவது, இந்தக் குட்டி போர்டைப் பெரிய ஏடிஎக்ஸ் கேஸிலும் மாட்டலாம். 2002-இல் வந்த முதல் எபியா போர்டுகளில் ப்ராசஸரே போர்டோடு சேர்த்துச் சால்டர் செய்யப்பட்டிருந்தது. அதில் 533 மெகாஹெர்ட்ஸ் மாடலுக்கு ஃபேன்கூடக் கிடையாது. ஆர்வலர்கள் அந்த போர்டைப் பழைய ரேடியோவுக்குள், டோஸ்டருக்குள் எல்லாம் வைத்து கம்ப்யூட்டர் கட்டினார்கள்.

இதற்கு நேர் எதிரான கதையும் இருக்கு. பென்டியம் 4-இன் சூட்டைச் சமாளிக்க, 2004 வாக்கில் இன்டெல் பிடிஎக்ஸ் என்று புது அளவுமுறை கொண்டுவந்தது. காற்றோட்டம் உண்மையிலேயே நல்ல யோசனை. ஆனால் கையில் இருக்கிற ஏடிஎக்ஸ் கேஸை விட்டுட்டு எல்லாரும் புதுசு வாங்கணும். அதற்குள் கம்மியாகச் சூடாகும் ப்ராசஸர்களும் வந்துவிட்டன. இன்டெல்லே கொஞ்ச வருஷத்தில் அதைக் கைவிட்டது.

அதே இன்டெல் 2008-இல் ஆட்டம் ப்ராசஸருக்கு ஒரு போர்டு வெளியிட்டது. என்ன அளவு தெரியுமா? மினி ஐடிஎக்ஸ்! போட்டிக் கம்பெனி போட்ட அளவுதான். 2009 வாக்கில் ஜோட்டாக் போன்றவர்கள், சாதாரண டெஸ்க்டாப் ப்ராசஸரையும் கிராஃபிக்ஸ் கார்டையும் மாட்டக்கூடிய மினி ஐடிஎக்ஸ் போர்டுகளைக் கொண்டுவந்தார்கள். அப்புறம் கேஸ்கள் மாறின. 2013-இல் ஆர்வலர்கள் சேர்ந்து கூட்டு நிதி திரட்டிச் செய்த என்கேஸ் எம்1, 12.6 லிட்டர். அதற்குப் பின் வந்த டேன் ஏ4, சுமார் 7 லிட்டர்தான். அதில் 295 மில்லிமீட்டர் நீள கிராஃபிக்ஸ் கார்டு போகும், ஆனால் ப்ராசஸர் கூலர் 48 மில்லிமீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது. இடம் எங்கேயிருந்தும் இலவசமா வர்றதில்லை பாருங்க.

வியா இன்னைக்கு நம்ம மேசை கம்ப்யூட்டர் ப்ராசஸர் சந்தையில் இல்லை. அந்த 170 மில்லிமீட்டர் மட்டும் இருக்கு. யார் வேணும்னாலும் அந்த அளவில் போர்டு செய்யலாம், கேஸ் செய்யலாம். அதனால்தான் அது பிழைத்தது என்பது என் கருத்து.

சரி, நண்பனுக்கு என்ன சொன்னேன்? முதலில் கேஸை முடிவு பண்ணு. அது எவ்வளவு உயரக் கூலரை, எவ்வளவு நீளக் கார்டை, எந்த பவர் சப்ளையை ஏற்கும்னு பார். சின்ன கேஸ்களில் பெரும்பாலும் எஸ்எஃப்எக்ஸ் பவர் சப்ளைதான் போகும். அப்புறம் போர்டு. மினி ஐடிஎக்ஸில் வழக்கமாக ரெண்டு ரேம் ஸ்லாட், ஒரே ஒரு கார்டு ஸ்லாட். விலையும் கொஞ்சம் கூட. மேசையில் இன்னும் ஒரு சாண் இடம் இருந்தால், மைக்ரோ ஏடிஎக்ஸ் உன் பர்ஸுக்கு நல்லது.

கடைசியா ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொன்னேன். அஞ்சு வருஷம் கழிச்சு இந்த போர்டு செத்துப்போனால், இதே பெட்டியில் வேறு கம்பெனி போர்டு உட்காருமா? ஆமான்னு பதில் வந்தால் மட்டும் காசை எடு.

அவன் சிரிச்சிட்டே, "ஓட்டையை எண்ணிட்டு வாங்கச் சொல்ற" என்றான். ஆமாம்டா, அதைத்தான் சொல்றேன். அடுத்த எபிசோடில் சந்திப்போம் மக்களே.