6 வோல்ட் டிராக்டரை 12 வோல்ட்டுக்கு மாற்றலாமா? எதை மாற்றணும், எதைத் தொட வேண்டாம்?

அமெரிக்காவில் ஃபோர்டு 8என் டிராக்டர் 1947 முதல் 1952 வரை தயாரானது. 5 லட்சத்துக்கும் மேல் வெளிவந்த இந்த மாடலில் பல வண்டிகள் இன்றும் அங்கே ஓடுகின்றன. பழைய வண்டி வாங்கிச் சரிசெய்பவர்களுக்கு இது செல்லப்பிள்ளை. ஆனால் குளிர்காலக் காலையில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால், இன்ஜின் சோம்பலாகத்தான் சுற்றும். பழி அதன் 6 வோல்ட் சிஸ்டம் மேல் விழும். 12 வோல்ட்டுக்கு மாற்றினால் சரியாகிவிடுமா?

6 வோல்ட்டில் என்ன சிக்கல்?

செல்ஃப் மோட்டாருக்கு 900 வாட்ஸ் தேவை என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் 75 ஆம்பியர் போதும்; 6 வோல்ட்டில் 150 ஆம்பியர் வேண்டும். கேபிளில் வெறும் 0.01 ஓம்ஸ் ரெசிஸ்டன்ஸ் இருந்தாலே, 150 ஆம்பியரில் 1.5 வோல்ட் காலி. ஆறில் ஒன்றரை போனால், அது கால்வாசி! அதே கேபிளில் 12 வோல்ட் என்றால் இழப்பு 0.75 வோல்ட்தான். அமெரிக்க கார்கள் 1950-களின் நடுவில் 12 வோல்ட்டுக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலில் எதைச் செக் பண்ணணும்?

கேபிளை. கடையில் கிடைக்கும் சாதாரண கார் கேபிள் 12 வோல்ட்டுக்கானது, 6 வோல்ட்டுக்கு மெலிசு. தடிமனான கேபிள் போட்டு, எர்த் இணைப்பில் உள்ள துரு, பெயின்ட்டைச் சுரண்டினாலே பல வண்டிகள் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். செலவும் குறைவு.

அப்படியும் மாற்றணும் என்றால்?

எர்த்: 8என்-இல் பேட்டரியின் பிளஸ்தான் பாடியோடு இணைந்திருக்கும். இக்கால ஆல்டர்னேட்டருக்கு மைனஸ் எர்த் வேண்டும். மாற்றிக் கொடுத்தால் உள்ளே இருக்கும் டயோடு புகைந்துவிடும்.

சார்ஜிங்: பழைய டைனமோவும் அதன் ரெகுலேட்டரும் கழன்று, ஆல்டர்னேட்டர் வரும்.

காயில்: 1.5 ஓம்ஸ் காயில் 6 வோல்ட்டில் 4 ஆம்பியர் இழுக்கும். 12 வோல்ட் கொடுத்தால் 8 ஆம்பியர். சூடு 4 மடங்கு. பாயின்ட் கருகும், காயில் போயிடும். 12 வோல்ட் காயில் போடுங்க, இல்லையென்றால் ரெசிஸ்டர் சேருங்க. மொத்தம் 3 ஓம்ஸுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்க.

பல்பு: எல்லாமே 12 வோல்ட்டுக்கு மாறணும்.

அம்மீட்டர்: இரண்டு ஒயரையும் இடம் மாற்றணும். இல்லையென்றால் முள் தலைகீழாகக் காட்டும்.

எதை மாற்ற வேண்டாம்?

செல்ஃப் மோட்டாரை. பிளஸ், மைனஸ் மாறினாலும் அது எதிர்த்திசையில் சுற்றாது. காயில், ஆர்மேச்சர் இரண்டிலும் மின்னோட்டம் ஒன்றாகத் திரும்பிவிடும். சில நொடிகள் மட்டும் அழுத்தினால் 12 வோல்ட்டையும் தாங்கும். ஆனால் வேகமாக அடிப்பதால் பல்சக்கரம் சீக்கிரம் தேயலாம். ஸ்டார்ட் ஆகலையென்றால் அழுத்திப் பிடிக்காதீங்க, காரணத்தைத் தேடுங்க. ஒயரிங்கின் மேல்தோல் நன்றாக இருந்தால் அதுவும் போதும். அதே வாட்ஸுக்கு மின்னோட்டம் பாதிதானே.

உயிர் விஷயம் மூன்று

ஒன்று, வேலை தொடங்கும் முன் பேட்டரியின் எர்த் கேபிளை முதலில் கழற்றுங்க. 8என்-இல் அது பிளஸ். "மைனஸை முதலில் கழற்று" என்ற கார் பழக்கத்தில் கை வைத்தால், ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

இரண்டு, ஆல்டர்னேட்டரை இக்னிஷன் சுவிட்ச் வழியாக இணைத்தால், நடுவில் ஒரு டயோடோ சின்ன பல்போ வேண்டும். இல்லையென்றால் ஆல்டர்னேட்டரிலிருந்து மின்சாரம் காயிலுக்குத் திரும்பி வரும். சாவியை ஆஃப் செய்த பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கலாம்.

மூன்று, செல்ஃப் மோட்டாரை ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து ஸ்டார்ட் பண்ணாதீங்க. வண்டி கியரில் இருந்தால், சக்கரத்துக்கு முன்னால் நிற்பவர் மேலேயே ஏறிவிடும்.

அப்போ மாற்றலாமா?

தினசரி வேலை, இரவில் கூடுதல் விளக்கு, எளிதாகக் கிடைக்கும் பேட்டரி – இதெல்லாம் வேண்டுமென்றால் 12 வோல்ட் லாபம். எப்போதாவது ஓட்டும் வண்டி, பழமை மாறாமல் இருக்கணும் என்றால் 6 வோல்ட்டே போதும். எதுவானாலும் முதலில் கேபிளைப் பாருங்க. துருப்பிடித்த எர்த்தை 12 வோல்ட் கொஞ்ச நாள் மறைக்கும், சரி செய்யாது.